ஸ்கேனரா, மல்டிமீட்டரா? விட்டு விட்டு வரும் டீசல் வேன் கோளாறு

சிங்கப்பூரின் தேக்கா சந்தையிலிருந்து உணவகங்களுக்குக் காய்கறி கொண்டுசெல்லும் என் டீசல் வேனுக்கு 12 வயது. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு முன்பலகை விளக்குகள் ஒரு கணம் மங்கும். உடனே வண்டி அணைந்துவிடும். பத்து நிமிடம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். ஒருமுறை தீவு விரைவுச்சாலையிலேயே நின்றுவிட்டது. மீட்பு வண்டி இலவசமாக இழுத்துச் சென்றாலும், அருகிலுள்ள வாகன நிறுத்துமிடம்வரைதான் விடும். அங்கிருந்து செலவும் வாடிய கீரையும் நம்முடையவை. வண்டி வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழைக் காசு கட்டிப் புதுப்பித்துவிட்ட வண்டி என்பதால் தலைமுழுகவும் மனமில்லை.

பட்டறையில் விட்டுவிடுவது முதல் வழி. கோளாறு அவர்கள் கண்ணெதிரே வரும்வரை வண்டி அங்கேயே கிடக்கும் என்பதால், தினமும் ஓட்டிப் பிழைப்பவருக்கு அது ஒத்துவராது. எஞ்சியவை இரண்டு: வண்டியின் கணினியில் பதிவாகும் கோளாறுக் குறியீடுகளைக் கைப்பேசியில் காட்டும் புளூடூத் ஸ்கேனர், வோல்ட்டும் ஓமும் அளக்கும் மல்டிமீட்டர். இரண்டையும் வாங்கினேன்.

ஸ்கேனரின் பயனை மறுக்க முடியாது. டீசல் வடிகட்டி அடைத்தாலோ, எரிபொருள் குழாயில் காற்று புகுந்தாலோ, ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்கு டீசலை உயர் அழுத்தத்தில் பகிரும் குழாய்) அழுத்தம் சரிவதை ஓடும்போதே அதில் பார்க்கலாம். அழுத்தம் குறைவு என்பதற்கு பி0087 என்ற குறியீடும் வரும். என் வண்டியில் வந்தது பி0335, அதாவது எஞ்சின் சுழல்வதைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு. சூடானால் செயலிழந்து ஆறினால் உயிர்பெறுவது அந்த சென்சாருக்கு உள்ள பழக்கம்தான் என்பதால், நம்பி மாற்றினேன். ஒன்பதாம் நாள் வண்டி மீண்டும் நின்றது. எந்தச் சுற்று முறையிடுகிறது என்பதைத்தான் குறியீடு சொல்கிறது. அதே நேரத்தில் விளக்குகளும் மங்குகின்றன என்பதை நான்தான் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

மல்டிமீட்டரின் பக்கம் நான் சாய்ந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று: கம்பியில் மின்னோட்டம் பாயும்போதே அதைச் சோதிக்கலாம். பலர் செய்யும் தவறு, எர்த் கம்பியை, அதாவது எஞ்சினையும் சட்டகத்தையும் பேட்டரியின் எதிர்முனையோடு இணைத்து எல்லாச் சுற்றுகளுக்கும் பொதுவாக இருக்கும் கம்பியை, ஓம் அளவில் (மின்தடை) வைத்துத் தொட்டுப் பார்ப்பது. பத்தில் ஒன்பது இழை அரித்துப்போன கம்பிகூட அதில் தேறிவிடும். ஸ்டார்ட்டர் ஏறத்தாழ 200 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், வெறும் 0.007 ஓம் மின்தடையே 1.4 வோல்ட்டை விழுங்கிவிடும். அவ்வளவு சிறிய மின்தடையைக் கையடக்க மீட்டரால் அளக்கவே முடியாது. ஆனால் அந்த 1.4 வோல்ட்டை மிக மலிவான மீட்டர்கூடக் காட்டும்.

ஆகவே மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரியின் எதிர்முனைத் தண்டின் மேலேயே (கவ்வியின் மேல் அல்ல) அழுத்தி, சிவப்பு முனையை எஞ்சினின் துருவற்ற உலோகத்தில் வைத்துக்கொண்டு, மகனைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். எஞ்சின் பற்றிக்கொள்வதற்குள் எண் தெரிந்துவிடும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. குளிர்ந்திருந்தபோது 0.3 காட்டியது, அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து பார்த்தபோது 1.4 ஆயிற்று. சூட்டோடு அளக்காமல் விட்டிருந்தால் இதுவும் கைநழுவியிருக்கும். பிறகு தண்டிலிருந்து கவ்வி, கவ்வியிலிருந்து சட்டகம், சட்டகத்திலிருந்து எஞ்சின் என்று படிப்படியாக அளந்ததில், கடைசித் துண்டில் மட்டும் 1.1 வோல்ட் இருந்தது. அந்த எர்த் பட்டையின் உறையைக் கீறினேன். உள்ளே செம்பு பச்சைப்பொடியாய் உதிர்ந்தது.

ஓடும்போது மட்டும் வரும் கோளாறானால், அதிகபட்ச அளவைப் பிடித்து வைக்கும் பொத்தான் உள்ள மீட்டராக வாங்குவது நல்லது. நீண்ட கம்பிகளை ஓட்டுநர் இருக்கைவரை இழுத்துக்கொள்ளலாம்.

நான் கை வைத்தது இந்த ஒரு வண்டியில்தான். புகைவடிகட்டியும் யூரியா தொட்டியும் உள்ள புதிய டீசல் வண்டியானால் ஸ்கேனர் இல்லாமல் இறங்கமாட்டேன். அப்போதும் எந்த சென்சாரையும் கழற்றுவதற்கு முன் எர்த்தை அளப்பேன், குறியீட்டோடு பதிவான எஞ்சின் நிலவரத்தைக் குறித்துக்கொள்ளாமல் குறியீட்டை அழிக்கவும் மாட்டேன். புதிய பட்டை போட்டபின் சூட்டில் அளந்தபோது மீட்டர் காட்டியது 0.12.