முதல் பகுதிநேர வேலை: கோப்பிக் கடையா, சூப்பர்மார்க்கெட்டா, நீச்சல் குளமா, நம்மவர் கடையா?

டொரொன்டோவின் ஸ்காபரோவில் பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டக்கூடிய வேலைகளை மணிச் சம்பளத்தை வைத்துத் தரம் பிரிப்பதில் பயனில்லை. முதல் வேலைக்குப் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளம்தான். 18 வயதுக்குக் குறைந்த மாணவருக்கு ஒன்ராறியோவில் 2025 அக்டோபர் 1 முதல் அது 16.60 டொலர், பொது விகிதம் 17.60. பள்ளி நடக்கும் வாரத்தில் 28 மணி நேரத்தைத் தாண்டினால் பொது விகிதம் கொடுத்தாக வேண்டும் (அவ்வளவு வேலை செய்யும் பிள்ளை எப்போது படிக்கும் என்பது வேறு கதை). எந்த நாளில், எத்தனை மணி நேரம் தருகிறார்கள் என்பதில்தான் வித்தியாசமே.

கோப்பி, பர்கர் கடைகள் அனுபவம் கேட்பதில்லை. முன் கவுண்டருக்கு 14 வயது போதும், சமையலறைக்கு 15. ஆனால் ஷிஃப்ட் துண்டு துண்டாக வரும். மூன்று மணி நேரத்துக்கு 49.80 டொலர், போக வர இரண்டு பஸ் கட்டணம், பிரெஸ்டோ பயண அட்டையில் 4.70, போனால் மிச்சம் 45.10. இரவு மூடும் ஷிஃப்ட் என்றால் எண்ணெய்ச் சட்டி கழுவி, தரை துடைத்த பிறகுதான் வீடு. மறுநாள் கணக்குப் பரீட்சை என்றால் அங்கேயே அடி விழும்.

சூப்பர்மார்க்கெட்டில் வார இறுதியில் நீளமான ஷிஃப்ட் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, அரை மணி இடைவேளை தர வேண்டும். அதற்குச் சம்பளம் கட்டாயமில்லை. ஆறு மணி நேரம் என்று எழுதினால் கைக்கு வருவது ஐந்தரை மணியின் காசு. இறைச்சி வெட்டும் பகுதி, பேக்கரி, கிடங்கு இவற்றுக்கு 15 வயது ஆக வேண்டும். கல்லாவில் நிற்பவர் ஒன்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது: ஒரே கல்லாவை இரண்டு பேர் தொட்டிருந்தால், குறைந்த காசைச் சம்பளத்தில் கழிக்க முடியாது, கையெழுத்து வாங்கியிருந்தாலும்.

நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளர் வேலைக்குச் சம்பளம் பொதுவாகக் கூடுதல். ஆனால் நினைத்தவுடன் போக முடியாது. 13 வயதில் புரொன்ஸ் மெடாலியன், பிறகு புரொன்ஸ் கிராஸ், முதலுதவிச் சான்றிதழ், 15 வயதில் நேஷனல் லைஃப்கார்டு என்று வரிசையாகச் சான்றிதழ் எடுக்க வேண்டும். எல்லாம் சேர்ந்தால் பல நூறு டொலர். லைஃப்கார்டு சான்றிதழை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கோடை வேலைக்குக் குளிர்காலத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும், மே மாதம் கேட்டால் பிந்திவிட்டது. ஏழாம் வகுப்பில் நீச்சல் தொடங்கிய பிள்ளைக்கு இதைவிட நல்ல முதல் வேலை கிடையாது. மற்றவர்கள் இதை மறந்துவிடலாம்.

நம்மவர், அதாவது தமிழர், நடத்தும் கடையில் அம்மா ஒரு வார்த்தை சொன்னால் சனிக்கிழமையே நிற்கலாம். சிக்கல், கணக்கில் காட்டாமல் கொடுக்கும் 'கையில் காசு'. பே ஸ்டப் (சம்பளச் சீட்டு) இல்லாவிட்டால் எத்தனை மணி நேரம் நின்றோம் என்பதற்குச் சாட்சியே இல்லை; அடுத்த வேலைக்கு அனுபவமாகக் காட்டவும் முடியாது. "முதல் வாரம் பழகுற வாரம்" என்று சம்பளம் இல்லாமல் நிற்க வைப்பது சட்டப்படி தவறு, பயிற்சி நேரத்துக்கும் சம்பளம் உண்டு. ஸ்டப் தரும் கடை என்றால் வீட்டுக்குப் பக்கத்தில் என்பதற்காகவே போகலாம்.

சான்றிதழ் எதுவும் இல்லாத 16 வயதுப் பிள்ளைக்கு முதலில் சூப்பர்மார்க்கெட், கிடைக்காவிட்டால் கோப்பிக் கடை. ஜூனில் எல்லாரும் விண்ணப்பிப்பார்கள். ஆகஸ்ட் கடைசியில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் விலகும்போது இடம் காலியாகும். விண்ணப்பத்தில் 'எந்த நேரமும் வரலாம்' என்று எழுதி, பிறகு செவ்வாய், வியாழன் ட்யூஷன் என்று சொன்னால் மனேஜர் அடுத்த வாரம் மணி நேரத்தைக் குறைத்துவிடுவார். வர முடியாத நாளை முதலிலேயே எழுதுங்கள். வேலைக்குத் தேவையான சின் நம்பரை (சமூகக் காப்புறுதி எண்) சேர்விஸ் கனடா என்ற அரச அலுவலகத்தில் இலவசமாக எடுக்கலாம், 12 வயதானவர் தானே விண்ணப்பிக்கலாம். 18 ஆகும்வரை சம்பளத்தில் சீபீபீ (ஓய்வூதியப் பங்களிப்பு) பிடிக்க மாட்டார்கள், ஈஐ (வேலையிழப்புக் காப்புறுதி) பிடிப்பார்கள்; வருடத்தில் 2,000 டொலருக்கு மேல் உழைக்காதவர் வரிக் கணக்குப் போட்டால் அந்த ஈஐ திரும்பி வரும்.