ஏழு தடிப் புத்தகமும் ஒரு துண்டு ரப்பரும்

போன வாரம் நாலாவது புத்தகத்தின் அட்டை கையோடு வந்துவிட்டது. ஒட்டுவது இது மூன்றாவது முறை. முதுகில் பசையைத் தடவி, மேலே இரண்டு அகராதிகளைப் பாரமாக வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது நண்பன் வந்தான். அலமாரியில் இருந்த மற்ற ஆறையும் ஒரு பார்வை பார்த்தான்.

"இப்படி ஒட்டி ஒட்டி வெச்சிருக்கியே, அவ்வளவு நல்லா இருக்குமா? நானும் ஆரம்பிக்கட்டுமா?"

"ஆரம்பிக்காதே" என்றேன். யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது.

"ஏன்டா?"

பதில் சொல்ல முக்கால் மணி நேரம் ஆனது. அப்போது சொன்னதையும், கோபத்தில் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன்.

அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிங்கின் 'தி டார்க் டவர்' நாவல் வரிசைதான் விஷயம். எல்லா உலகங்களையும் தாங்கி நிற்கும் ஒரு கோபுரம், அதைத் தேடிப் போகும் கடைசித் துப்பாக்கி வீரன் ரோலண்ட், வழியில் வந்து ஒட்டிக்கொள்ளும் கூட்டாளிகள் என்ற அளவுக்குக் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். நான் பேசப் போவது முடிவைப் பற்றி. அது தெரிய வேண்டாம் என்பவர்கள் இத்தோடு எழுந்துவிடலாம்.

பன்னிரண்டு வருடமாக இந்த ஏழும் என்னிடம் இருக்கின்றன. எதை எத்தனை முறை எடுத்தேன் என்று முதுகைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். இரண்டாவதன் முதுகில் மடிப்பு விழுந்து விழுந்து தலைப்பே பாதி தேய்ந்துவிட்டது. நாலாவதன் கதையைச் சொல்லிவிட்டேன். ஐந்தும் ஆறும் சுமாராகக் கசங்கியிருக்கின்றன. ஏழாவதுதான் விசித்திரம். முன்பாதி நைந்துபோயிருக்கும், அப்புறம் ஒரு இருநூறு பக்கம் பிரிக்காத புத்தகம் மாதிரி மொடமொடவென்று இருக்கும், கடைசிப் பத்துப் பக்கம் மறுபடி விரல் அழுக்கு. அந்தப் பத்துப் பக்கத்துக்குப் பிறகு வருகிறேன்.

இரண்டாவது புத்தகம் எப்படி ஆரம்பிக்கிறது தெரியுமா? கடற்கரையில் தூங்கி எழும் ரோலண்டின் வலது கையிலிருந்து இரண்டு விரல்களை ஒரு ராட்சத இறால் மாதிரியான பிராணி கடித்துத் தின்றுவிடுகிறது. உலகத்திலேயே வேகமாகச் சுடுபவன் என்று ஒரு புத்தகம் முழுக்கச் சொல்லிவிட்டு, அடுத்த புத்தகத்தின் ஆரம்பத்திலேயே சுடுகிற விரலைப் பறித்துவிடுகிறார். அன்றைக்கு நிமிர்ந்து உட்கார்ந்தவன்தான். மூன்றாவதில் பைத்தியம் பிடித்த ஒரு ரயில் வருகிறது. பெயர் பிளெய்ன். விடுகதையில் என்னைத் தோற்கடித்தால் உயிரோடு இறங்கலாம் என்கிறது. போட்டி தொடங்குகிற இடத்தில் புத்தகத்தை முடித்துவிட்டார் மனிதர். அது வந்தது 1991இல், அடுத்தது 1997இல். ஆறு வருடம் அந்த ரயிலிலேயே உட்கார்ந்திருந்த வாசகர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. எனக்கு ஏழும் ஒன்றாகக் கிடைத்தன, நாலாவதை எடுக்கக் கை நீட்டினால் போதும்.

சரி, ரப்பருக்கு வருவோம்.

கிரிம்சன் கிங் என்ற பெயரை நாலாவது புத்தகத்திலிருந்தே எழுதிக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள். எல்லாக் கெட்டவர்களுக்கும் மேலே உட்கார்ந்திருக்கும் கெட்டவன். ஆயிரக்கணக்கான பக்கம் நடந்து போய்ப் பார்த்தால், கோபுரத்தின் மாடத்தில் மாட்டிக்கொண்டு, வெளியே வர வழியில்லாமல், கீழே பறக்கும் குண்டுகளை வீசிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்துகிற ஒரு சிவப்பு அங்கிக் கிழவன். போகட்டும், பூதம் என்று நினைத்தது கிழவனாக இருப்பதில் ஒரு நியாயம் உண்டு. ஆனால் அவனை முடிப்பது யார்?

பேட்ரிக் என்று ஒரு பையன். நாக்கு அறுக்கப்பட்டவன், பேச்சு கிடையாது. கதை முடியப் போகிற நேரத்தில் வந்து சேருகிறான். அவன் வரைவது நிஜமாகும். படத்தில் அழித்தால் நிஜத்திலும் அழிந்துபோகும். அவனை அடைத்து வைத்திருந்தவன் பென்சில்களின் பின்னால் இருக்கும் ரப்பரையெல்லாம் முன்ஜாக்கிரதையாக வெட்டி எடுத்து வைத்திருந்தான். அது கூட்டாளி சுசானாவின் கண்ணில் பட, ரப்பர் பையன் கைக்கு வந்துவிடுகிறது. ரோலண்டும் அவனும் ஒரு கல் குவியலுக்குப் பின்னால் பதுங்குகிறார்கள். பையன் அந்தக் கிழவனை வரைகிறான். கண்ணுக்கு மட்டும் சிவப்பு வேண்டும், பென்சிலில் ஏது சிவப்பு? கோபுரத்தைச் சுற்றி வயல் வயலாகப் பூத்திருக்கும் ரோஜாவில் ஒன்றை ரோலண்ட் பறிக்கிறான். முள் கையைக் கிழிக்கிறது. இதழையும் ரத்தத்தையும் குழைத்துச் சாயமாக்குகிறார்கள். இந்த இடம் அருமை, அதை நான் மறுக்க மாட்டேன். விரல் போன கையோடு இத்தனை வருடம் நடந்தவன் ஒரு பூவைப் பறிக்கப் படும் பாட்டை வாசிக்கும்போது மூச்சை நிறுத்திக்கொண்டிருந்தேன்.

அப்புறம் பையன் ரப்பரை எடுத்துத் தேய்க்கிறான். கிழவன் காணாமல் போகிறான், இரண்டு சிவப்புக் கண்கள் மட்டும் மாடத்தில் மிச்சம். அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது.

பரீட்சைத் தாளில் தப்பான விடையை அழிப்பதுபோல ஒரு வில்லனை அழிக்கலாமா? துப்பாக்கி வீரன் கதையில் கடைசித் தோட்டாவுக்கு வேலையே இல்லை. எதிர்வாதம் தெரியும். பேட்ரிக் திடீரென்று முளைத்தவன் இல்லை, 1994இல் வந்த 'இன்சோம்னியா' நாவலில் சின்னக் குழந்தையாக வந்துவிட்டான் என்பார்கள். சரிதான். அதாவது இந்த முடிவு செரிக்க வரிசையில் சேராத இன்னொரு தடிப் புத்தகத்தையும் நான் விழுங்கியிருக்க வேண்டும். ரோலண்டின் மகனாகப் பிறந்து, சிலந்தியாக மாறி, அப்பனைக் கொல்லவே பின்னால் வரும் மோர்ட்ரெட்டின் முடிவைப் பற்றிப் பேசவே பிடிக்கவில்லை. கெட்டுப்போன குதிரை மாமிசத்தைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டுதான் அவன் கடைசிச் சண்டைக்கே வருகிறான்.

கோபம் கொஞ்சம் தணிந்தால் எழுதிய மனிதர் மேல் இரக்கமும் வருகிறது. 1970இல் எழுத ஆரம்பித்த கதை இது. 1999 ஜூன் 19இல் சாலையோரம் நடந்துகொண்டிருந்தவரை ஒரு வேன் அடித்துப் போட்டது, பிழைத்ததே பெரிய விஷயம். அதற்கு முன் நாலு புத்தகம் வெளிவர 1982இலிருந்து 1997 வரை பதினைந்து வருடம் ஆயிற்று. கடைசி மூன்றும் 2003 நவம்பருக்கும் 2004 செப்டம்பருக்கும் நடுவில் வந்துவிட்டன. இதை முடிக்காமல் போய்விடுவோமோ என்ற பயம் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. புற்றுநோயில் இருந்த ஒரு மூதாட்டியும், மரண தண்டனைக்குக் காத்திருந்த ஒரு கைதியும் முடிவை மட்டும் சொல்லிவிடுங்கள் என்று கடிதம் எழுதினார்களாம். சொல்லத்தான் ஆசை, ஆனால் அப்போது எனக்கே முடிவு தெரியாது என்று முன்னுரையில் எழுதியிருக்கிறார். படித்தபோது மனது கனத்தது. கூடவே, தெரியாதா, அதுதான் ரப்பரா என்று எரிச்சலும் வந்தது.

முடித்தாரே, அதுவே பெரிதில்லையா என்றும் சிலர் கேட்பார்கள். 'வீல் ஆஃப் டைம்' வரிசையை எழுதிய ராபர்ட் ஜோர்டன் 2007இல் இறந்துவிட, பிராண்டன் சாண்டர்சன்தான் அதை 2013இல் முடித்து வைத்தார். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' வரிசையில் ஐந்தாவது புத்தகம் 2011இல் வந்தது, ஆறாவதற்கு ஆட்கள் இன்னும் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வரிசையில் நிற்பவர்களிடம் போய் நான் ரப்பரைப் பற்றிப் புலம்பினால் அடிக்க வருவார்கள்.

இப்போது அந்த அழுக்கான பத்துப் பக்கம். ரோலண்ட் தான் இழந்த எல்லோருடைய பெயரையும் உரக்கச் சொல்லிக்கொண்டே ரோஜா வயலில் நடந்து கோபுரத்துக்குள் போகிறான், கதவு மூடுகிறது. அங்கே எழுத்தாளர் கிங் குறுக்கே வந்து, இத்தோடு நிறுத்திக்கொண்டால் உங்களுக்கு நல்லது, மேலே படித்தால் ஏமாந்துபோவீர்கள் என்கிறார். யார் நிறுத்துவார்கள்? நானும் நிறுத்தவில்லை. மாடி மாடியாக அறைகள், ஒவ்வொன்றிலும் அவனுடைய வாழ்க்கையின் ஒரு துண்டு. உச்சியில் அவன் பெயர் எழுதிய கதவு. திறந்தால் முதல் புத்தகத்தின் பாலைவனம். பழைய குருடி கதவைத் திறடி! ஏதோ ஒரு சக்தி அவனை இழுத்து வெளியே தள்ளிவிடுகிறது. நடந்ததெல்லாம் மறந்துபோகிறது, முதல் புத்தகத்தின் முதல் வாக்கியமே கடைசி வாக்கியமாக வந்து நிற்கிறது.

பலர் புத்தகத்தைத் தூக்கி எறிந்தது இந்த இடத்தில்தான். எனக்குப் பிடித்ததே இதுதான். வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறுவதைப் படித்து வளர்ந்தவனுக்கு இதில் என்ன அதிர்ச்சி? அதோடு ஒரு சின்ன வித்தியாசமும் இருக்கிறது. பல வருடம் முன்னால் போர்க்களத்தில் குனிந்து எடுக்காமல் விட்டுவந்த ஊதுகொம்பு இந்த முறை அவன் இடுப்பில் தொங்குகிறது. கிங்குக்கு இந்தக் கதையின் விதையைக் கொடுத்தது ராபர்ட் பிரவுனிங் 1855இல் வெளியிட்ட ஒரு கவிதை. அதன் முடிவில் ரோலண்ட் கோபுரத்தின் எதிரே நின்று கொம்பை ஊதுகிறான். அப்படியானால் அடுத்த சுற்றில் ஊதுவானா? அந்த ஒரு கொம்புக்காக இந்தப் பக்கங்களை எத்தனையோ முறை புரட்டியிருக்கிறேன். இவ்வளவு யோசிக்கத் தெரிந்தவர் பத்திருபது பக்கம் முன்னால் ஏன் ரப்பரை எடுத்தார் என்று அப்போதும் எரியும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நண்பன், "அப்போ படிக்கலாமா, வேண்டாமா? ஒண்ணு சொல்லு" என்றான். வேண்டாம் என்றேன். ஏழு புத்தகம், வருடக்கணக்கு, கடைசியில் வயிற்றெரிச்சல், நிம்மதியாக வேறு ஏதாவது படி என்றேன். சொல்லிக்கொண்டே முதல் மூன்றையும் எடுத்துத் துணிப்பையில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பக்கத்தை மடிக்காதே என்று இரண்டு முறை சொன்னதும் நான்தான்.

நேற்று ராத்திரி பன்னிரண்டரைக்கு அவனிடமிருந்து செய்தி: "டேய், ரயில் விடுகதை போடுதுடா. அதுக்குள்ள புத்தகம் முடிஞ்சிடுச்சு. என்ன மனுஷன்டா இவரு?"

நாலாவதில் பசை காய்ந்துவிட்டது. காலையில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.