சேப்பாக்கம் டிக்கெட் என்று மெசேஜ் வந்தால் பணம் அனுப்பாதீர்கள்: பெங்களூரு ஃபைனலுக்குப் போய் நாங்கள் பட்டது

நேற்று ராத்திரி என் அத்தை மகன் ஒரு வாட்ஸ்அப் மெசேஜை அனுப்பி "வாங்கிடலாமா?" என்று கேட்டான். 2018 ஏப்ரல் 10 சேப்பாக்கம் மேட்ச், இரண்டு வருஷத் தடைக்கு அப்புறம் சூப்பர் கிங்ஸ் சொந்த மண்ணில் ஆடுகிறது, டிக்கெட், மஞ்சள் சட்டை, கொடி, மூன்றும் சேர்த்து ஒரே ரேட், சீக்கிரம் சொல்லுங்கள், கொஞ்சம்தான் மிச்சம். கடைசி வரி, "நம்ம ஊரு கெத்தைக் காட்டுவோம்." நம்பர் புதுசு, ஆனால் அந்த வரியும் கூடவே வந்த வாய்ஸ் மெசேஜில் இருக்கிற குரலும் எனக்கு நன்றாகத் தெரியும். பத்து நாள் முன்னால் அதே குரல்தான் என்னிடம் 6,750 ரூபாய் வாங்கியது. அதனால்தான் தூக்கம் வராமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 13, செவ்வாய்க்கிழமை ராத்திரி நேரு ஸ்டேடியத்தில் நம்ம சென்னையின் எஃப்சி டீம், எஃப்சி கோவா டீமை 3-0 என்று அடித்து ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக் ஃபுட்பால்) ஃபைனலுக்குப் போனது. ஜேஜே இரண்டு கோல், நம்ம வியாசர்பாடி தன்பால் கணேஷ் ஒன்று. நான் பெரம்பூர்க்காரன். வியாசர்பாடிப் பையன் செமி ஃபைனலில் கோல் போட்டால் எங்கள் பக்கம் தெருவெல்லாம் எப்படி இருக்கும் என்று வடசென்னையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே கண்ணப்பர் திடலில் லீக் ஆடியவர், இப்போது முட்டி போய்விட்டது, ஆனாலும் அன்று ஸ்டேடியத்தில் மூன்றாவது கோலுக்கு எழுந்து நின்றவர் கடைசி வரை உட்காரவே இல்லை.

ஃபைனல் அதே வாரம் சனிக்கிழமை, மார்ச் 17. இடம் பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம். எதிரணியும் பெங்களூருதான், அவர்கள் வீட்டு வாசலிலேயே! லீக்கில் அவர்கள் 40 பாயின்ட் எடுத்து முதலிடம், நாம் 32 எடுத்து இரண்டாவது. டிசம்பரில் அதே மைதானத்தில் நாம் 2-1 என்று ஜெயித்தோம், 88-வது நிமிஷத்தில் கணேஷ் போட்ட கோல். பிப்ரவரியில் அவர்கள் இங்கே வந்து 3-1 என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். போதாததற்கு பிப்ரவரி 16-ம் தேதிதான் காவிரித் தீர்ப்பு, நம் பங்கு 192 டிஎம்சியிலிருந்து 177.25 ஆகக் குறைந்திருந்தது. ஃபுட்பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அப்பா சொல்லிக்கொண்டுதான் இருந்தார். டீக்கடையில் யார் கேட்டார்கள்?

என்னிடம் காசு வாங்கிய அந்த ஆள் இந்தச் சூட்டைத்தான் பிடித்துக்கொண்டான். புதன்கிழமை காலை எங்கள் ஏரியா ஃபுட்பால் குரூப்பில் மெசேஜ் விழுந்தது. பெங்களூரு போக வர பஸ், மேட்ச் டிக்கெட், நீலச் சட்டை, கொடி, ஒரு ஆளுக்கு 1,950 ரூபாய். ஆன்லைனில் டிக்கெட் கிடைக்கவில்லை என்று நான் இரண்டு மணி நேரமாக முட்டி மோதிக்கொண்டிருந்த நேரம் அது. போன் செய்தேன். "தலைவா, சென்னைப் பசங்க எல்லாரும் ஒரே பிளாக்ல உக்காந்து கத்தணும், அதுக்குத்தான் நானே கைக்காசு போட்டு மொத்தமா எடுத்து வச்சிருக்கேன்" என்றான். காசுக்காகச் செய்கிறேன் என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை. ஊருக்காக, டீமுக்காக. 2015-ல் வெள்ளம் வந்து நம் டீம் செமி ஃபைனலைப் புனேவில் போய் ஆடியதையும், டிசம்பர் 20-ம் தேதி கோவாவில் கடைசி நேரத்தில் மெண்டோசா கோல் போட்டுக் கோப்பை வாங்கியதையும் அவனே சொன்னான். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து பாயும் பாத்திரமும் போன அந்த மாசத்தில் எங்களுக்குச் சிரிக்கக் கிடைத்த ஒரே காரணம் அந்தக் கோப்பை. அதைச் சொன்ன ஆளிடம் நான் ரசீது கேட்பேனா? கேட்கவில்லை. டிக்கெட் புக் செய்த மெயில், பஸ் யாருடையது, எதையும் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.

நான், அப்பா, பதிமூன்று வயது அக்கா மகன், மூன்று பேருக்கும் 5,850 ரூபாய் அனுப்பினேன். பணம் அவனுடைய சொந்த மொபைல் நம்பருக்குத்தான் போனது. வியாழக்கிழமை திரும்பப் போன் செய்து, "அண்ணா, 2016 காவிரிக் கலவரத்துல தமிழ்நாடு வண்டியெல்லாம் கொளுத்துனாங்களே, ஞாபகம் இருக்குல்ல, நம்ம பிளேட்டோட உள்ள போனா ரிஸ்க்கு, ஓசூர்ல கர்நாடகா வண்டி மாத்திக்கலாம், தலைக்கு 300 மட்டும் போடுங்க" என்றான். அந்த செப்டம்பரில் பஸ்கள் எரிந்ததை டிவியில் பார்த்துவிட்டு அக்கா எத்தனை நாள் பயந்தாள் என்று எனக்குத் தெரியும். அவள் பிள்ளையை அழைத்துக்கொண்டு போகிறேன். யோசிக்காமல் 900 ரூபாய் அனுப்பினேன். பெருமையைச் சொல்லி ஒரு தடவை வாங்கினான், பயத்தைச் சொல்லி இன்னொரு தடவை வாங்கினான்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கோயம்பேடு. பஸ் வந்தது ஒன்பதே முக்காலுக்கு. ஆனால் வந்தது, அதுதான் விஷயம். பஸ்ஸே வரவில்லை என்றால் அங்கேயே சந்தேகப்பட்டிருப்போம். முப்பத்தெட்டு பேர், தாரை தப்பட்டை, வழி முழுக்கப் பாட்டு. சட்டை மட்டும் ஒரு தடவை வியர்த்ததுமே சாயம் விட்டது. அந்த ஆள் வண்டியில் இல்லை, "டிக்கெட் வாங்க முன்னாடியே பெங்களூரு போயிட்டார்" என்றான் கூட வந்த ஒரு பையன். ஓசூரில் டிரைவர் வண்டியை ஓரம் கட்டி எல்லாரையும் இறங்கச் சொன்னார். அவருக்குப் பேசிய வாடகை ஓசூர் வரைக்கும்தானாம், கர்நாடகா பர்மிட்டே எடுக்கவில்லை, வாடகையிலும் பாதி பாக்கி. மாற்று வண்டி எதுவும் இல்லை. அவர் பாவம், எங்களுக்கு முன்னாலேயே அவனுக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. மேட்ச்சுக்கு நேரம் இருந்ததால் சண்டை போடாமல் ஆளாளுக்குக் கிடைத்த பஸ்ஸைப் பிடித்து, எங்கள் காசிலேயே மீதி நாற்பது கிலோமீட்டர் போனோம். முட்டி வலியோடு அப்பா பாதி தூரம் நின்றுகொண்டே வந்தார்.

ஸ்டேடியம் போய்ச் சேரும்போது ஏழு மணி ஆகிவிட்டது. கஸ்தூர்பா சாலைப் பக்கம் எங்கே பார்த்தாலும் நீலம். அவர்கள் கலரும் நீலம், நம் கலரும் நீலம், யார் எந்த ஊர் என்று வாயைத் திறந்தால்தான் தெரியும். ஒரு சின்னப் பையன் கவரில் வைத்து அச்சடித்த தாள்களைக் கொடுத்துவிட்டுக் கூட்டத்தில் மறைந்துவிட்டான். கேட்டில் ஸ்கேன் செய்தார்கள். என் தாளுக்குச் சிவப்பு. "இந்த டிக்கெட்டில் ஏற்கெனவே ஆள் உள்ளே போயாச்சு." அப்பாவுக்கும் அதேதான். எங்கள் பஸ்ஸில் வந்தவர்கள் தாள்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தோம், அங்கே நின்ற இருபது பேரிடமும் இருந்தது மொத்தமே ஐந்து நம்பர். ஐந்து நிஜ டிக்கெட்டை வாங்கி, அதை எத்தனை பிரதி வேண்டுமோ அத்தனை எடுத்து விற்றிருக்கிறான். எந்தத் தாள் முதலில் மெஷினுக்குப் போகிறதோ அவருக்குக் கதவு திறக்கும், மற்றவர்கள் வெளியே. கேட்டில் நின்றவர்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, அவர்கள் என்ன செய்வார்கள்?

அக்கா மகனின் தாள் மட்டும் பச்சை காட்டியது.

கேட்டில் இருந்தவர் அவனை உள்ளே வரச் சொன்னார். அது பெங்களூரு ரசிகர்கள் உட்காரும் ஸ்டாண்ட், தனியாக ஒரு பிள்ளையை எப்படி அனுப்ப? அப்பாவைப் போகச் சொன்னேன். அவர் "நீ போய்ப் பார்த்துட்டு வாடா" என்று என்னைத் தள்ளினார். அதற்குள் பையன் பின்னால் வந்து, எங்கள் பஸ்ஸில் வந்த வியாசர்பாடி காலேஜ் பையன் ஒருவன் ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தானே, அவன் கையில் தாளைக் கொடுத்துவிட்டான். "தாத்தா இல்லாம எனக்கு வேணாம் மாமா" என்றான். அதைக் கேட்டுவிட்டு அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அங்கேதான் ஒருவர் வந்து பேசினார். பெங்களூரு டீம் சட்டை போட்டிருந்தார், ஆனால் தமிழ். அல்சூர் பக்கம் கௌதமபுராவாம். பெலேவுக்குச் சிலை வைத்திருக்கும் ஏரியா அது, தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஃபுட்பால் ஆடும் இடம். அப்பாவுக்கு அந்தப் பேர் தெரிந்திருந்தது, அந்தக் காலத்தில் அங்கிருந்து வந்த ஆட்டக்காரர்களோடு ஆடியிருக்கிறாராம். அந்த மனிதர் எங்கள் தாளைப் பார்த்தவுடனேயே, "அய்யா, சாயங்காலத்திலிருந்து நீங்க நாலாவது கூட்டம். எங்க ஊர்க்காரங்களும் இதே தாளோட வந்து நிக்கிறாங்க" என்றார். என்னை உலுக்கியது இந்த வார்த்தைதான். சென்னைக்காரனிடம் "நம்ம ஊரு கெத்து" என்று விற்ற அதே ஐந்து டிக்கெட்டை பெங்களூருக்காரர்களுக்கும் யாரோ விற்றிருக்கிறார்கள், அவர்களிடம் எந்த ஊர்ப் பெருமையைச் சொன்னார்களோ தெரியாது. "புகார் கொடுங்க, தாளைத் தூக்கிப் போட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டு, "ஆனா இன்னைக்கு நீங்க தோத்துடுவீங்க" என்றும் சொல்லிவிட்டு உள்ளே ஓடினார்.

நாங்கள் மதிலை ஒட்டி நடைபாதையில் உட்கார்ந்தோம். போனில் மேட்ச் ஓடுகிறது, ஆனால் படம் நிஜத்துக்குக் கொஞ்சம் பின்னால்தான் வரும். ஒன்பதாவது நிமிஷம், ஸ்டேடியமே இடிந்து விழுகிற மாதிரி ஒரு சத்தம். போனில் அப்போதுதான் பெங்களூருவின் உதாந்தா வலது பக்கம் ஓட ஆரம்பிக்கிறான். என்ன வரப்போகிறது என்று தெரிந்துகொண்டே பார்த்தோம், சேத்ரி பாய்ந்து தலையால் முட்டினார். பதினேழாவது நிமிஷத்தில் வேறு மாதிரி சத்தம், ஒரு மூலையிலிருந்து மட்டும், மெலிசாக. பையன்தான் கண்டுபிடித்தான், "மாமா, பெரிய சத்தம்னா அவங்க, சின்ன சத்தம்னா நாம!" மெயில்சன் ஆல்வ்ஸ், கார்னரில் வந்த பந்து. 45-ல் மறுபடி சின்ன சத்தம், மறுபடி கார்னர், மறுபடி மெயில்சன். 67-ல் ரஃபேல் அகஸ்டோ. ஒவ்வொரு தடவையும் படம் வருவதற்குள்ளேயே அப்பா என் தோளைப் பிடித்து எழுந்துவிடுவார். இன்ஜுரி டைமில் பெரிய சத்தம் வந்தபோது மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், மிக்கு போட்ட கோல், 3-2. அதோடு முடிந்தது. இரண்டாவது கோப்பை.

அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. ஆனால் வியாசர்பாடிப் பையன் கணேஷ் கோப்பையைத் தூக்குவதை நேரில் பார்க்கத்தான் அப்பா முட்டி வலியோடு 350 கிலோமீட்டர் வந்தார். ஒரு மதில் குறுக்கே நின்றது. எனக்கு 6,750 ரூபாய் பெரிய காசுதான், அதைவிட இது வலிக்கிறது. திரும்பி வரவும் பஸ் இல்லை, சாந்திநகரில் அரசு பஸ்ஸுக்கு நள்ளிரவு வரை நின்று, மறுபடியும் டிக்கெட் எடுத்துத்தான் வீடு வந்தோம். அவன் நம்பர் ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து ஸ்விட்ச் ஆஃப். எனக்குத் தெரிந்து சென்னை ரசிகர் குழுக்களில் வருஷக்கணக்கில் இருக்கும் இரண்டு பேரிடம் விசாரித்தேன், அப்படி ஒரு ஆளை அவர்கள் பார்த்ததே இல்லை. இதை நான் புதன்கிழமையே விசாரித்திருந்தால் இரண்டு நிமிஷ வேலை.

சரி, இப்போது சேப்பாக்கம் விஷயத்துக்கு வருகிறேன். பார்கோடு படத்தையோ அச்சடித்த தாளையோ இன்னொருவர் கையிலிருந்து வாங்கவே வாங்காதீர்கள், அது நிஜ டிக்கெட்டாகவே இருந்தாலும் உங்களுக்கு முன்னால் எத்தனை பேருக்குப் போயிருக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வழியே இல்லை. உங்கள் பெயரில், உங்கள் மெயிலுக்கு, விற்கும் இடத்திலிருந்து நேராக வரட்டும், இல்லையென்றால் கவுன்டரில் வரிசையில் நின்று வாங்குங்கள். பஸ் ஏற்பாடு என்று யாராவது சொன்னால் வண்டி நம்பரையும் டிரைவர் நம்பரையும் முதல் நாளே வாங்கி டிரைவரிடம் பேசிவிடுங்கள், எது வரைக்கும் வாடகை, பர்மிட் எடுத்தாயிற்றா என்று. நான் பேசியிருந்தால் ஓசூர் கதை வீட்டிலேயே தெரிந்திருக்கும். அப்புறம், இரண்டாவது தடவை ஏதோ காரணம் சொல்லிக் காசு கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

பணம் போன ஸ்கிரீன்ஷாட், வாய்ஸ் மெசேஜ், அந்தச் சிவப்பு காட்டிய தாள்கள் எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை வேப்பேரி கமிஷனர் ஆபீஸில் சைபர் கிரைம் பிரிவில் புகார் கொடுக்கப் போகிறோம், எங்கள் பஸ்ஸில் வந்தவர்களில் ஒன்பது பேர் இதுவரை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். மார்ச் 17 காலை கோயம்பேட்டில் அந்த வண்டியில் ஏறியவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு மெசேஜ் பண்ணுங்கள், தாள் இருந்தால் எடுத்து வாருங்கள். சேப்பாக்கத்துக்கு ஏற்கெனவே பணம் அனுப்பியவர்கள் இருந்தால் திங்கட்கிழமை வரை காத்திருக்காதீர்கள், பேங்குக்கு இன்றைக்கே போன் பண்ணுங்கள்.