மங்கோலியப் பெண்ணுக்கு எந்த மல்யுத்தம்: போக்கா, ஃப்ரீஸ்டைலா?

மங்கோலியாவின் பாரம்பரிய மல்யுத்தமான போக், ஜூலை மாத நாதாம் திருவிழாவின் உயிர். 512 பேர், ஒன்பது சுற்று. எடைப் பிரிவு இல்லை. பாதமும் உள்ளங்கையும் தவிர முழங்காலோ முழங்கையோ மண்ணைத் தொட்டால் தோல்வி. அழகான ஆட்டம்தான், ஆனால் நாதாம் களத்தில் பெண்களுக்கு இடமில்லை. முன்னொரு காலத்தில் ஆண் வேடத்தில் வந்த ஒரு பெண் எல்லோரையும் வென்றுவிட்டாளாம். அதனால்தான் மல்யுத்தச் சட்டை மார்பு திறந்ததாக மாறியது என்கிறது கதை. வில்வித்தையில் பெண்கள் உண்டு, இதில் மட்டும் இல்லை என்பது எனக்கு வருத்தமே.

ஒலிம்பிக் மல்யுத்த வகையான ஃப்ரீஸ்டைல் வேறு உலகம். மூன்று நிமிடங்களாக இரண்டு பகுதி, புள்ளிக் கணக்கு, எடைப் பிரிவு. எதிராளியின் இரு தோள்களையும் பாயில் அழுத்திவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. 2004 ஏதென்ஸில் பெண்களுக்கும் ஒலிம்பிக் கதவு திறந்தது. அதன் வழியாக வந்தவர்தான் சொரோன்சோன்போல்டின் பத்செத்செக்: 2010-இல் 59 கிலோ பிரிவிலும் 2015-இல் 63 கிலோ பிரிவிலும் உலக சாம்பியன், 2012 லண்டனில் 63 கிலோவில் வெண்கலம். அப்புறம் டோக்கியோவில் 53 கிலோவில் போலோர்துயாவும் வெண்கலம் வென்றார்.

மல்யுத்தத்தில் பேர் வாங்க விரும்பும் பெண்ணுக்கு நான் சொல்வது ஃப்ரீஸ்டைல்தான்.