குறிப்பேடா, ஆன்கியா? முதுநிலை நீட் திருப்புதலுக்கு எது கைகொடுக்கும்

முதுநிலை நீட் தேர்வுக்குப் படிப்பவர்களிடையே எந்தப் புத்தகம், எந்த வகுப்பு என்ற பேச்சு சீக்கிரம் ஓய்ந்துவிடும். படித்ததை எதில் வைத்துத் திருப்புவது என்ற கேள்வி மட்டும் கடைசி வாரம் வரை ஓயாது. 19 பாடங்கள், 200 கேள்விகள். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறானால் ஒன்று கழியும். 2024 முதல் 40 கேள்விகளுக்கு 42 நிமிடம் என்று ஐந்து பகுதிகளாகப் பிரித்துப் பூட்டிவிட்டார்கள். ஒரு பகுதியின் நேரம் முடிந்தால் அதற்குத் திரும்ப வழியில்லை. பிறகு யோசித்துக்கொள்ளலாம் என்று அரை நினைவோடு விட்டுவைக்கிற பழக்கம் இங்கே எடுபடாது.

கையால் எழுதிய குறிப்பேடு, ஆன்கி செயலியில் (கேள்வி–விடை அட்டைகளை மறக்கும் தறுவாயில் திரும்பத் திரும்பக் காட்டும் செயலி) நானே செய்த அட்டைகள் என்று இரண்டையும் வைத்துப் படித்தேன். என் ஓட்டு ஆன்கிக்குத்தான். ஆனால் எல்லாப் பாடத்துக்கும் அல்ல.

உடலியங்கியலில் குறிப்பேடே மேல். ஆக்சிஜன்–ஹீமோகுளோபின் வளைகோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கார்பன் டை ஆக்சைடு, அமிலத்தன்மை, வெப்பம், சிவப்பணுக்களில் உள்ள 2,3-பி.பி.ஜி. என்ற பொருள் ஆகியவை கூடினால் கோடு வலப்பக்கம் நகரும், அதாவது ஹீமோகுளோபின் ஆக்சிஜனை எளிதில் விட்டுவிடும். இதை நான்கு அட்டைகளாக நறுக்கினால் நான்கு உதிரிச் செய்திகள்தான் மிஞ்சும். உழைக்கும் தசையில் முதல் மூன்றும் சேர்ந்தே கூடுகின்றன, அதனால் ஆக்சிஜன் அங்கே தாராளமாக இறங்குகிறது என்று ஒரு பக்கத்தில் வரைந்து எழுதியவருக்குக் கேள்வியை எப்படித் திருப்பிக் கேட்டாலும் விடை வரும்.

உடற்கூறியலில் போட்டி கிட்டத்தட்டச் சமம். ஆன்கியில் படத்தின் பகுதிகளை மறைத்துக் கேட்கும் வசதி இப்போது செயலியிலேயே இருக்கிறது. நரம்பு, தமனிப் பெயர்களுக்கு அது போதும். ஆனால் கேவர்னஸ் சைனஸ் (மண்டையோட்டுக்குள் உள்ள சிரைக்குழி) போன்ற இடங்களில், படம் கண்முன் இருப்பதே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. மூன்றாம், நான்காம் மூளை நரம்புகளும் ஐந்தாம் நரம்பின் முதலிரண்டு கிளைகளும் பக்கச் சுவரில், ஆறாம் நரம்பு மட்டும் உள்ளே கரோட்டிட் தமனியை ஒட்டி. இதை வெற்றுத் தாளில் வரைந்து பார்த்தால்தான் ஆறாவது ஏன் முதலில் அடிபடுகிறது என்பது மனத்தில் நிற்கும்.

பிறகு ஏன் ஆன்கி? காரணம் சமூக மருத்துவம், அதாவது நாம் பி.எஸ்.எம். என்று அழைக்கும் பாடம். உடற்கூறியலில் இன்று எழுதிய குறிப்பு பத்து ஆண்டு கழித்தும் செல்லும். பி.எஸ்.எம். குறிப்பு, மை காய்ந்த சில மாதங்களிலேயே பழசாகிவிடலாம். பேறுகாலத் தாய்மார் மரண விகிதத்தைப் பாருங்கள். மாதிரிப் பதிவு முறையின்படி ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 2014–16இல் 130 ஆக இருந்தது. அடுத்தடுத்த அறிக்கைகளில் 122, 113, 103, 97, 93 என்று இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு சீனியரின் குறிப்பேட்டை வாங்கிப் படிப்பவர் இதில் எந்த எண்ணை மனப்பாடம் செய்கிறார் என்பது அவர் எந்த ஆண்டு சீனியர் என்பதைப் பொறுத்தது.

எண்கள் மட்டுமா? காசநோய்த் திட்டத்தின் பெயரே 2020இல் மாறியது. வாரம் மூன்று நாள் மருந்து என்பது அதற்கு முன்பே தினசரி மருந்தாகிவிட்டது. தடுப்பூசி அட்டவணையில் 6, 14 வாரங்களில் கொடுத்துவந்த பகுதியளவு போலியோ ஊசிக்கு 2023 ஜனவரி முதல் ஒன்பதாம் மாதத் தவணையும் சேர்ந்தது. குறிப்பேட்டில் இந்த ஒரு மாற்றத்தைச் செய்ய அட்டவணைப் பக்கம், போலியோ பக்கம், ஓரத்தில் ஒட்டிய மஞ்சள் சீட்டு என்று எல்லாவற்றையும் தேடித் திருத்த வேண்டும். ஒன்று விடுபட்டால், தேர்வுக்கு முந்தைய இரவு கண்ணில் படுவது அநேகமாக அதுவாகத்தான் இருக்கும். ஆன்கியில் ‘போலியோ’ என்று தேடினால் தொடர்புள்ள அட்டைகள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன. திருத்த சில நிமிடம். ஒவ்வொரு பி.எஸ்.எம். அட்டையின் அடியிலும் அறிக்கையின் ஆண்டைக் குறித்து வைத்தேன். புதிய அறிக்கை வந்ததும் பழைய ஆண்டைத் தேடிப் பிடித்து மாற்றினால் வேலை முடிந்தது. இந்த ஒரு வசதிக்காகவே மற்ற குறைகளைப் பொறுத்துக்கொண்டேன்.

நானே செய்த அட்டைகள் என்று மேலே சொன்னதற்கும் இதுதான் காரணம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பெருந்தொகுப்புகள் பல அமெரிக்கத் தேர்வுக்காகச் செய்யப்பட்டவை. உடற்கூறியலுக்கு அவற்றைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். கை எங்கும் ஒரே கைதான். பி.எஸ்.எம்.முக்கு வேண்டவே வேண்டாம். நம் குழந்தைக்குப் பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி அங்கே வழக்கமான அட்டவணையிலேயே இல்லை. நாம் ஒன்பதாம் மாதம் தட்டம்மை–ரூபெல்லா ஊசியைத் தொடங்குகிறோம். அவர்கள் முதல் பிறந்தநாள் வரை காத்திருக்கிறார்கள்.

ஆன்கியின் பராமரிப்புச் செலவு வேறு விதம். பயிற்சி மருத்துவராக 24 மணி நேரப் பணி முடித்து வருபவரை நிலுவை அட்டைகள் கடன்காரரைப் போல வாசலில் காத்திருந்து பிடிக்கும். குறிப்பேடு அப்படி யாரையும் துரத்தாது. இதற்கு இரண்டு அமைப்புகளைச் சரிசெய்தால் போதும். பணி கடுமையான மாதங்களில் புதிய அட்டைகளின் தினசரி அளவைச் சுழியமாக்குங்கள். எந்த அட்டையை எப்போது காட்டுவது என்று ஆன்கி கணக்கிடும் எஃப்.எஸ்.ஆர்.எஸ். முறையில், நினைவு இலக்கு நாம் மாற்றாதவரை 90 விழுக்காடாகவே இருக்கும். அதை 95க்கு மேல் ஏற்றாதீர்கள். கூடுதலாக நினைவில் நிற்பது சொற்பம், குவியும் வேலை மலையளவு.

பணம் கட்டும் கேள்வி வங்கிகளைக் கடைசிக் கட்டத்தில் மட்டுமே தொட்டேன். ஆண்டு முழுவதும் அவற்றையே வைத்துத் திருப்பினால் எப்படியிருக்கும் என்பதைச் செய்து பார்த்தவர்களிடம் கேட்பது நல்லது. தவறாக விடையளித்த கேள்விகளை அட்டையாக்கியது எனக்குப் பயன்பட்டது. செலவைப் பொறுத்தவரை, ஆன்கி கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐபோனுக்கு மட்டும் விலை உண்டு.

முதலாண்டுப் பல்கலைக்கழகத் தேர்வு எழுதுபவர்கள் இதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே நீண்ட விடையும் படமும் கையால் எழுத வேண்டும். அதற்குக் குறிப்பேடும் கூர் சீவிய பென்சிலும் போதும், பி.எஸ்.எம். நெருங்கும்போது ஆன்கியை நிறுவிக்கொள்ளலாம்.