வீட்டுப் பயிற்சிக்குத் தட்டச்சுப்பொறியா, கணினியா?

என் தங்கை மகள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு 2023ஆம் ஆண்டுக் கோடையில் கல்லிடைக்குறிச்சியிலிருந்து திருநெல்வேலி சிந்துபூந்துறையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினாள். அவளைத் தட்டச்சுப் பயிலகத்தில் சேர்ப்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழவில்லை. பயிலகத்தில் நாள்தோறும் கிடைக்கும் ஒரு மணி நேரம் போதவில்லை, வீட்டிலும் பழகுவதற்கு ஒன்று வேண்டும் என்று ஆனபோதுதான் விவாதம் தொடங்கியது. வீட்டில் மேசைக் கணினி ஒன்று இருந்தது. அதில் தமிழ்த் தட்டச்சு மென்பொருளை ஏற்றி, நல்ல விசைப்பலகை ஒன்றை வாங்கிக் கொடுத்தால் போதும் என்பது என் கணவரின் கருத்து. பழைய தட்டச்சுப்பொறி ஒன்றை வாங்க வேண்டும் என்பது என் கருத்து. அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்த நான், பணிக்காலத்தின் முற்பாதியைப் பொறியிலும் பிற்பாதியைக் கணினியிலும் கழித்தவள். முடிவில் பொறியைத்தான் வாங்கினோம். அந்த முடிவை இன்றும் சரியென்றே கருதுகிறேன். ஆகவே இந்த ஒப்பீடு ஒரு பக்கம் சாய்ந்திருப்பதை வாசிப்பவர்கள் முதலிலேயே அறிந்துகொள்வது நல்லது.

இந்தக் காலத்தில் தட்டச்சுப்பொறியை யார் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்பவர்கள் பாளையங்கோட்டையிலோ டவுனிலோ ஒரு பயிலகத்தின் வாசலில் மாலை நேரத்தில் நின்று பார்த்தால் போதும். அலுவலகங்களில் பொறி ஓய்ந்துவிட்டது; பயிலகங்களில் ஓயவில்லை. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வுதான் அதற்குக் காரணம். மக்கள் லோயர், ஹையர் என்று சொல்லும் இளநிலை, முதுநிலைத் தேர்வுகளை மாணவர்கள் பொறியில்தான் எழுதிவந்திருக்கிறார்கள். தேர்வு நாளில் பயிலகங்கள் தம் பொறிகளை வண்டியில் ஏற்றித் தேர்வு மையத்துக்குக் கொண்டுபோவது இங்கே பழகிய காட்சி. ஆங்கில இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல் வேகம் வேண்டும். ஒரு சொல்லுக்கு ஐந்து தட்டு என்ற கணக்கில், இளநிலை மாணவி பத்து நிமிடத்தில் 1,500 தட்டு தட்டியாக வேண்டும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 4 தேர்வில் தட்டச்சர் பணிக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் முதுநிலை முடித்தவர்களுக்கே முதல் முன்னுரிமை என்பதால், இந்தச் சான்றிதழ் இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு வேலைக்கான ஒரு வாசல்.

கணினியின் சிறப்புகளை நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. பிழையை அழித்துத் திருத்தலாம், ஒன்றை எத்தனை படி வேண்டுமானாலும் எடுக்கலாம், ஓசை இல்லை, தாள் செலவு இல்லை. அலுவலக வேலைக்கு எது வேண்டும் என்று கேட்டால் கணினி என்று ஒரே சொல்லில் பதில் சொல்வேன். என் கேள்வி அதுவன்று. பொறியில் தேர்வெழுதப்போகும் பிள்ளை வீட்டில் எதில் பழகுவது என்பதே கேள்வி.

விரலுக்கு இரண்டும் ஒன்றல்ல. கணினி விசை சில மில்லிமீட்டர் மட்டுமே இறங்கும்; தொட்டாலே எழுத்து விழும். பொறியில் விசை ஆழமாக இறங்கி, எழுத்துத் தண்டை எழுப்பி, அது ரிப்பனின் மேல் அறைந்தால்தான் தாளில் பதியும். தட்டு மென்மையாக விழுந்தால் எழுத்து மங்கும். இரண்டு விசைகளை ஒருசேர அமுக்கினால் தண்டுகள் மோதிச் சிக்கிக்கொள்ளும். யளனக என்று தொடங்கும் முதல் பாடத்தில் ‘ய’ இடக்கைச் சுண்டுவிரலுக்கு வருகிறது. புள்ளியோ வலக்கைச் சுண்டுவிரலுக்கு. தமிழில் புள்ளி இல்லாமல் ஒரு வரிகூட நகராது. அந்தச் சுமையைக் கையிலேயே வலிமை குறைந்த விரல் சுமக்கிறது. கணினியில் மட்டும் பழகிய பிள்ளை பொறிக்கு வந்தால் தாளில் முதலில் மங்குவது புள்ளிதான்.

வரிசையிலும் ஒரு சிக்கல் உண்டு. யாழ்ப்பாணத்தவரான ஆர். முத்தையா தமிழுக்கு வகுத்த பொறியில் புள்ளி நகரா விசை. அதைத் தட்டினால், தாளை ஏந்தி நகரும் ‘வண்டி’ என்ற பகுதி நகராது. எனவே புள்ளியை முன்னால் தட்டி, எழுத்தைப் பின்னால் தட்ட வேண்டும். கணினியில் பாமினி போன்ற எழுத்துருக்களில் விசைகளின் இடம் பெரும்பாலும் அதே இடமாக இருந்தாலும், எழுத்தை முன்னால் தட்டிப் புள்ளியைப் பின்னால் தட்டுகிறோம். 1999இல் வந்த தமிழ்99 விசைப்பலகையோ அமைப்பிலேயே வேறு. காலையில் ஒரு வரிசையும் மாலையில் எதிர் வரிசையுமாகப் பழகும் விரல்கள் வேகம் எடுக்கத் தடுமாறும். என் தங்கை மகளே முதல் வாரத்தில், “பெரியம்மா, ரெண்டும் மாறி மாறி வருது” என்று வந்து நின்றாள்.

இவ்வளவும் சொன்ன பிறகும் என் கணவர் மறுப்பதற்கு ஒரு நியாயம் வைத்திருந்தார். பொறியைப் பார்த்துக்கொள்வது யார்? இந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். கோத்ரெஜ் நிறுவனம் 1955இல் இந்தியாவிலேயே பொறி செய்யத் தொடங்கி, 2009இல் நிறுத்திவிட்டது. ரெமிங்டன், ஹால்டா, ஃபேசிட் என்று நாங்கள் பெயர் சொல்லிப் பழகியவையும் இன்று புதிதாகக் கிடைப்பதில்லை. உதிரிப் பாகம் வேண்டுமென்றால் செத்த பொறி ஒன்றிலிருந்துதான் கழற்றி எடுக்க வேண்டும். பழுது பார்ப்பவர்களுக்கும் வயதாகிவிட்டது. எங்களுக்குப் பொறியை 7,500 ரூபாய்க்குத் தேடிக் கொடுத்த அண்ணாச்சி எழுபதைக் கடந்தவர். அவருடைய பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரவில்லை.

அப்படியிருந்தும் பராமரிப்பில் பொறிதான் உயர்ந்தது என்று சொல்கிறேன். அதன் பராமரிப்பில் பெரும்பகுதியை வீட்டில் இருப்பவரே செய்துகொள்ளலாம் என்பதே அதற்குக் காரணம். வாரம் ஒருமுறை பழைய பல் துலக்கியை மண்ணெண்ணெயில் நனைத்து எழுத்துகளின் முகத்தைத் துலக்க வேண்டும். ஆங்கிலப் பொறியில் e, o, a போன்ற எழுத்துகளின் வயிறு அடைபடும். தமிழ்ப் பொறியில் ‘ண’, ‘ழ’, ‘ற’ போன்றவற்றின் சுழியிலும் வளைவிலும் மை அடைந்துகொண்டு, தாளில் கரும்புள்ளியாக விழும். துணியால் ஒற்றி எடுத்தபின் ஒரு வெற்றுத் தாளில் எல்லா எழுத்தையும் ஒருமுறை தட்டிப் பார்த்தால் எது அடைபட்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும். வண்டி ஓடும் தண்டவாளத்துக்குத் தையல் பொறி எண்ணெய் ஒரு துளி போதும். எழுத்துத் தண்டுகள் சொருகியிருக்கும் அரைவட்டப் பள்ளங்களில் மட்டும் எண்ணெய் விடவே கூடாது. எண்ணெய் தூசியைப் பிடித்து இறுகிக்கொண்டு, ஒவ்வொரு தண்டாக எழும்ப மறுக்கும். விசை சிக்குகிறது என்று அங்கே எண்ணெயை ஊற்றிப் பொறியைக் கெடுத்தவர்களை என் பணிக்காலத்தில் பலமுறை கண்டிருக்கிறேன்.

தாளைச் சுற்றிப் பிடிக்கும் ரோலரின் ரப்பரைக் காப்பதும் கைப்பழக்கம்தான். தட்டும் தாளுக்குப் பின்னால் இன்னொரு தாள் வைத்தால் ரப்பரில் குழி விழாது. இரவில் பொறியை விட்டு எழும்போது தாளை இறுக்கும் நெம்புகோலைத் தளர்த்திவிட வேண்டும்; இல்லாவிட்டால் கீழே உள்ள சிறு உருளைகள் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகிவிடும். ஆடிக் காற்றில் நம் ஊர்ப் புழுதி எதற்குள்ளும் புகும் என்பதால் தடித்த துணி உறை கட்டாயம். நூறு ரூபாய்க்குச் சற்று மேல் ஆன ரிப்பனையும் தாளையும் தவிர வேறு செலவு எங்களுக்கு முதல் ஆறு மாதத்தில் வரவில்லை.

ஏழாம் மாதத்தில் தாமிரபரணி வந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் ஜங்ஷன், மீனாட்சிபுரம், கொக்கிரகுளம், எங்கள் சிந்துபூந்துறை எல்லாம் மூழ்கின. நாங்கள் உறவினர் வீட்டு மாடிக்குப் போய்விட்டோம். தண்ணீர் வடிந்து திரும்பி வந்தபோது கணினிப் பெட்டி, பொறி இரண்டின் மேலும் சேறு ஒரே அளவாகப் படிந்திருந்தது. கணினியைப் பார்த்தவர் தாய்ப்பலகை போய்விட்டது, வட்டிலிருந்தும் எதையும் மீட்க முடியாது, சரிசெய்ய ஆகும் செலவில் வேறொன்று வாங்கிவிடலாம் என்றார். அவர் சொன்னது உண்மைதான். அவர் மேல் குறை இல்லை.

பொறியை நான் சேறு காயும் முன்பே நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். வண்டல் இறுகிவிட்டால் பிறகு எதுவும் உதவாது என்று அண்ணாச்சி தொலைபேசியில் சொல்லியிருந்தார். வெயிலில் ரப்பர் கெடும் என்பதால் நிழலில் கவிழ்த்து வைத்து, மண்ணெண்ணெயால் தண்டு தண்டாகத் துலக்கினேன். நாலைந்து நாளில் அண்ணாச்சியே வந்து வண்டியைக் கழற்றி, அதை இழுக்கும் சுருள்வில்லின் பெட்டியைத் திறந்து உலர்த்தி, இற்றுப்போன இழுவைக் கயிற்றை மாற்றி, புது ரிப்பன் ஏற்றிக் கொடுத்தார். அவருக்கு நாங்கள் கொடுத்தது 1,200 ரூபாய். பயிலகம் திறக்கும் முன்பே வீட்டில் அவள் மீண்டும் தட்டத் தொடங்கிவிட்டாள். பின்னர் இளநிலையில் தேறியும் விட்டாள். மழைக்காலத்தில் இரண்டு விசைகள் இன்றும் சற்று மந்தமாகத்தான் எழும்புகின்றன. அதை மறைப்பதற்கில்லை.

வெள்ளம் நாள்தோறும் வருவதில்லை என்பதை மறந்து அந்த நிகழ்வுக்கு அளவுக்கு மீறிய எடை கொடுக்கக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். ஆவணத்தைக் காப்பதில் பொறி உயர்ந்தது என்றும் சொல்ல மாட்டேன். கணினி வட்டில் இருந்தவை போனதைப் போலவே, நான் பல ஆண்டுகளாக வைத்திருந்த கார்பன் படிகளும் கூழாகிப் போயின. ஆனால் கெட்டுப்போன ஒன்றைப் பாகம் பாகமாகப் பார்த்து, எது கெட்டது என்று கண்ணால் அறிந்து, கையால் திருத்த முடிகிறதா என்பதுதான் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குப் பராமரிப்பின் உண்மையான பொருள் என்று நான் நினைக்கிறேன். பொறியில் மறைவான பகுதி அந்தச் சுருள்வில் பெட்டி ஒன்றுதான். மற்றவை எல்லாம் திறந்த வீடு போலக் கண்முன்னே கிடக்கின்றன.

மறுவிற்பனையிலும் பொறி எங்களை ஏமாற்றவில்லை. வெள்ளத்தில் மூழ்கி எழுந்த பிறகும், நாங்கள் கொடுத்த விலைக்கே எடுத்துக்கொள்வதாகப் பயிலகம் நடத்தும் ஒருவர் கேட்டார். புதிய பொறிகள் வராத நிலையில் தேர்வெழுதுபவர்கள் குறையாததுதான் அதற்குக் காரணம். தேர்வு கணினிக்கு மாறும் நாளில் இந்த விலை பழைய இரும்பின் எடைக்கு இறங்கிவிடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எனவே விற்கலாம் என்ற எண்ணத்தில் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வைப்பவர்களுக்கு நான் துணை நிற்க மாட்டேன்.

என் அனுபவத்தின் எல்லையையும் குறிப்பிட்டுவிடுகிறேன். நான் பழகியவை பெரிய மேசைப் பொறிகள். பெட்டிக்குள் அடங்கும் சிறிய பொறிகளிலும் மின்சாரப் பொறிகளிலும் எனக்குப் பழக்கம் குறைவு, மடிக்கணினியிலும் அப்படியே. ஓசையைப் பொறுத்தவரை, சுவரை ஒட்டிய வீடுகள் உள்ள தெருவில் அது தொல்லைதான். பொறிக்கு அடியில் சாக்கை நான்காக மடித்துப் போட்டும், இரவு எட்டு மணிக்கு மேல் தட்டுவதில்லை என்று பக்கத்து வீட்டாருக்குச் சொல்லியும் சமாளிக்கிறோம். பழுது பார்ப்பவர் எவரும் அருகில் இல்லாத ஊரில் இருப்பவர்களுக்கு, வீட்டுப் பொறியை விடப் பயிலகத்தில் இன்னொரு மணி நேரத்துக்குப் பணம் கட்டுவதே நல்லது என்பேன்.

வாங்கப் போகிறவர்கள் நிறத்தையும் பளபளப்பையும் பார்க்க வேண்டாம். ரோலரை நகத்தால் அழுத்துங்கள். கல்லைப் போல இருந்தால் விலையைக் குறையுங்கள் அல்லது விட்டுவிடுங்கள். ஒரே எழுத்தை ஒரு வரி முழுவதும் வேகமாகத் தட்டி, இடைவெளி சீராக விழுகிறதா என்று பாருங்கள். அங்கங்கே எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் வண்டியின் ஓட்டத்தில் கோளாறு. வரி முடிவில் மணி அடிக்கிறதா என்பதைக் கேளுங்கள். சுண்டுவிரல் விசைகளை அந்தப் பிள்ளையையே தட்டச் சொல்லுங்கள். உங்கள் விரலை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

இப்போது அவள் முதுநிலைக்குப் பழகுகிறாள். சி.ஓ.ஏ. எனப்படும் அலுவலகக் கணினிச் சான்றிதழும் தட்டச்சர் பணிக்கு வேண்டும் என்பதால், முதுநிலை முடிந்ததும் கணினி ஒன்று வாங்குவதாக இருக்கிறோம். பொறியை விற்கப் போவதில்லை. எதிர் வீட்டுப் பிள்ளை பத்தாம் வகுப்பு எழுதியிருக்கிறாள், மாலையில் வந்து யளனக தட்டத் தொடங்கிவிட்டாள்.