ஹரிக்கேனா, ஸ்பிட்ஃபயரா: 1940 கோடையிலிருந்து கொழும்பு வரை

இரண்டாம் உலகப்போரில், 1940 ஜூலை 10 முதல் அக்டோபர் 31 வரை இங்கிலாந்தின் வானில் பிரிட்டிஷ், ஜெர்மானிய விமானப்படைகளுக்கிடையே நடந்த சண்டையைப் பற்றிப் பேச்செடுத்தால், பெரும்பாலோர் வாயில் முதலில் வருவது ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தின் பெயர்தான். ஆனால் அந்த நான்கு மாதங்களில் வீழ்த்தப்பட்ட ஜெர்மானிய விமானங்களில் பாதிக்கும் மேற்பட்டவை இன்னொரு பிரிட்டிஷ் போர் விமானமான ஹாக்கர் ஹரிக்கேனின் கணக்கில் சேர்ந்தவை. உழைத்தது ஒன்று, பேர் வாங்கியது இன்னொன்று என்று இதைச் சொல்லி முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் முடித்துவிடுகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஹரிக்கேனுக்கு 1940இல் கைகொடுத்த அதே பழமைதான் இரண்டு ஆண்டுகளுக்குள் அதன் காலை வாரிவிட்டது என்பது தெரியவருகிறது.

சிட்னி காம் வடிவமைத்த ஹரிக்கேன் 1935 நவம்பர் 6 அன்று ப்ரூக்லேண்ட்ஸ் ஓடுதளத்திலிருந்து முதன்முதலாகப் பறந்தது. ரெஜினால்ட் மிட்செலின் ஸ்பிட்ஃபயர் அதற்கு நான்கு மாதம் கழித்து, 1936 மார்ச் 5 அன்று ஈஸ்ட்லீயில் பறந்தது. (தன் விமானம் படையில் சேருவதைப் பார்க்க மிட்செலுக்குக் கொடுத்துவைக்கவில்லை, 1937 ஜூனில், 42 வயதில், புற்றுநோயால் இறந்தார்.) இரண்டிலும் எஞ்சின் ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின், இரண்டிலும் எட்டு பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கிகள். வேறுபாடு உடலில்தான் இருந்தது. இருஇறக்கை விமானங்களைக் கட்டிப் பழகிய ஹாக்கர் நிறுவனம், எஃகுக் குழாய்ச் சட்டகத்தின் மேல் மரச்சட்டங்களை அடுக்கி, அதன்மேல் துணியைப் போர்த்தி ஹரிக்கேனின் பின்னுடலை அமைத்தது. ஸ்பிட்ஃபயரில் அலுமினியத் தகடே சுமையைத் தாங்கும் தோலாக இருந்தது. அதன் மெல்லிய நீள்வட்ட இறக்கை அழகில் நிகரற்றது, ஆனால் வளைவுக்கு வளைவு தகட்டை வளைத்துப் பொருத்த வேண்டியிருந்ததால் தொழிற்சாலைக்கு அது பெரும் தலைவலியாக அமைந்தது. ஒரு ஸ்பிட்ஃபயரைக் கட்டத் தேவைப்பட்ட உழைப்பு நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே ஹரிக்கேனுக்குப் போதுமானதாக இருந்தது.

இந்த வேறுபாடு போர்க்களத்தில் எப்படித் தெரிந்தது என்பதைப் பழுதுபார்க்கும் கொட்டகையில் நின்று பார்த்தால் புரியும். ஹரிக்கேனின் பின்னுடலில் பாய்ந்த குண்டு, சட்டகத்தைத் தொடாதவரை, துணியில் ஒரு ஓட்டை போட்டுவிட்டு மறுபக்கம் வெளியேறிவிடும். அந்த ஓட்டையின் மேல் ஒரு துண்டு லினன் துணியை வைத்து, நெடியேறும் மெருகுப்பசையைத் தடவிக் காயவைத்தால் வேலை முடிந்தது. ஸ்பிட்ஃபயரில் அதே குண்டு தகட்டைக் கிழித்திருந்தால், கிழிசலை வெட்டி, புதுத் தகட்டை அளவெடுத்து, ஆணி அறைந்து பொருத்த வேண்டும். அதற்குத் தனிப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும். காலையில் அடிபட்டு வந்த விமானம் மறுநாள் காலைக்குள் மீண்டும் மேலேற வேண்டியிருந்த ஆகஸ்ட் மாதத்தில் இதை அற்பமான வசதி என்று தள்ளிவிட முடியாது.

தரையில் இரண்டுக்கும் இருந்த வித்தியாசமும் சிறியதன்று. ஹரிக்கேனின் சக்கரங்கள் அகலமாக விரிந்து நின்று உள்நோக்கி மடங்கின. மேடுபள்ளமான புல்தரையிலும் அது அசையாமல் இறங்கியது. ஸ்பிட்ஃபயரின் சக்கரங்களோ உடலுக்கு அருகே நெருங்கி நின்று வெளிநோக்கி மடங்கின. போதாக்குறைக்கு, வலது சக்கரக்கால் ரேடியேட்டருக்குச் செல்லும் காற்றை மறைத்ததால், ஓடுதளத்தில் சற்று அதிக நேரம் காத்திருந்தாலே எஞ்சின் கொதிக்கத் தொடங்கிவிடும். தொடக்ககால ஸ்பிட்ஃபயர்களில் சக்கரங்களை மடக்க விமானி கைப்பம்பை அடிக்க வேண்டியிருந்தது. அதற்காக அவர் கட்டுப்பாட்டுக் கழியை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையால் பம்பை அடிப்பார். பம்பை அடிக்கும் கையோடு கழியைப் பிடித்த கையும் தன்னையறியாமல் ஆடும். தரையிலிருந்து பார்ப்பவர்கள், மேலும் கீழுமாகத் தாவித் தாவி ஏறும் விமானத்தைக் கண்டதுமே ஓட்டுபவர் புதியவர் என்று தெரிந்துகொள்வார்கள்.

மேலே ஏறிய பிறகு கதை மாறியது. ஸ்பிட்ஃபயரின் உச்சவேகம் மணிக்கு சுமார் 570 கிலோமீட்டர். ஹரிக்கேன் அதைவிட ஏறத்தாழ 50 கிலோமீட்டர் பின்தங்கியது. எதிரியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 வேகத்தில் ஸ்பிட்ஃபயருக்கு ஏறக்குறைய இணையாக இருந்ததால், முடிந்த இடங்களில் ஸ்பிட்ஃபயர்கள் 109களை எதிர்கொள்வது, ஹரிக்கேன்கள் குண்டுவீச்சு விமானங்களைத் தாக்குவது என்று வேலை பிரிக்கப்பட்டது. குண்டுவீச்சு விமானத்தைச் சுடுவதில் ஹரிக்கேனுக்கு ஒரு சாதகம் உண்டு: தடித்த இறக்கையில் பக்கத்துக்கு நான்காக அடுக்கப்பட்டிருந்த அதன் துப்பாக்கிகள் ஒரே இடத்தில் குவிந்து சுட்டன, ஸ்பிட்ஃபயரின் மெல்லிய இறக்கையில் அவை சிதறியே இருந்தன.

இரண்டுக்கும் பொதுவான ஒரு குறையும் இருந்தது. மெர்லின் எஞ்சினின் மிதவைக் கார்புரேட்டர், விமானம் சட்டென்று மூக்கைக் கீழே சாய்த்தால், எரிபொருளை ஒழுங்காகக் கொடுக்காது. எஞ்சின் சில நொடிகள் திணறும். ஜெர்மானிய எஞ்சின்களில் எரிபொருள் நேரடியாகப் பீய்ச்சப்பட்டதால் அந்தச் சிக்கல் இல்லை. துரத்தப்படும் 109 விமானி மூக்கைச் சாய்த்துத் தப்பிவிடுவார். பந்தயத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் புகழ்பெற்றவரும் ஃபார்ன்பரோ ஆய்வகத்தின் பொறியாளருமான பியாட்ரிஸ் ஷில்லிங், எரிபொருள் பாதையில் பொருத்தத்தக்க, நடுவில் துளையுள்ள ஒரு சிறு தடுப்பைக் கொண்டு 1941இல் இதைப் பெருமளவு தீர்த்துவைத்தார். இரண்டு விமானங்களையும் வடிவமைத்தவர்களின் பெயர் நிலைத்த அளவுக்கு அவர் பெயர் நிலைக்கவில்லை என்பது எனக்கு இன்னும் உறுத்தலாகவே இருக்கிறது.

தீ விஷயத்தில் ஹரிக்கேனை யாரும் ஆதரிக்க முடியாது. அதன் கையிருப்பு எரிபொருள் தொட்டி கருவிப்பலகைக்குப் பின்னால், விமானியின் மார்புக்கு நேராக இருந்தது. அதில் தீப்பிடித்தால் காக்பிட் சில நொடிகளில் உலையாகிவிடும். 1940 ஆகஸ்ட் 16 அன்று சௌத்தாம்ப்டன் அருகே ஜேம்ஸ் நிக்கல்சனின் ஹரிக்கேன் எரியத் தொடங்கியபோது, குதிக்கத் தயாரான அவர் எதிரி விமானம் ஒன்று முன்னால் வந்ததைக் கண்டு, மீண்டும் இருக்கையில் அமர்ந்து, கைகள் வெந்துகொண்டிருக்கச் சுட்டார். பிறகே பாராசூட்டில் குதித்தார். இறங்கும்போது, ஆள் தெரியாமல், உள்ளூர்க் காவல்படையினரின் துப்பாக்கிச் சூடும் அவர்மேல் பட்டது. பிரிட்டனின் போர் விமானப் பிரிவில் இரண்டாம் உலகப்போர் முழுவதிலும் விக்டோரியா சிலுவை என்னும் மிக உயரிய வீர விருதைப் பெற்ற ஒரே விமானி அவர்தான். அவர் உயிர் போனதோ நம் பக்கத்துக் கடலில்: 1945 மே 2 அன்று அவர் பார்வையாளராகச் சென்ற லிபரேட்டர் விமானம் வங்காள விரிகுடாவில் விழுந்தது.

1940 கோடைக்கு ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளலாம் என்றால், இந்தக் குறையோடு சேர்த்தே ஹரிக்கேனைத்தான் எடுப்பேன்; வேண்டிய எண்ணிக்கையில், வேண்டிய வேகத்தில், பழுதுபார்த்துத் திரும்பத் திரும்ப மேலேற்றக் கூடியதாக அப்போது இருந்தது அதுதான். அதற்கடுத்த ஆண்டுகளுக்கு அந்தத் தேர்வு செல்லாது. மிட்செலின் மெல்லிய இறக்கை, மேலும் மேலும் வலுவான எஞ்சின்களுக்கு இடம் கொடுத்தது. மெர்லினுக்குப் பிறகு கிரிஃபன் எஞ்சினும் ஏறியது. ஸ்பிட்ஃபயர் 20,000க்கும் மேல் கட்டப்பட்டு, போர் முடிந்த பின்னும் உற்பத்தியில் இருந்தது. ஹரிக்கேனின் தடித்த இறக்கையோ காற்றைக் கிழிக்க மறுத்தது; எஞ்சினை மாற்றியும் வேகம் பெரிதாகக் கூடவில்லை; அதன் உற்பத்தி 1944இல் நின்றது.

ஹரிக்கேனின் எல்லை எங்கே இருந்தது என்பது கொழும்பின் வானில் தெரிந்தது. மதராஸ் மாகாணத்தின் பெயரைத் தாங்கிய பிரிட்டிஷ் படைப்பிரிவுகளில் ஒன்றான 234ஆம் பிரிவு ஸ்பிட்ஃபயர்களை ஓட்டியது. ஆனால் மதராஸுக்கு அருகே போர் வந்தபோது காவலுக்கு நின்றவை ஹரிக்கேன்கள். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில் ஜப்பானிய விமானங்கள் கொழும்புக்கு வந்தபோது, உரிய நேரத்தில் எச்சரிக்கை கிடைக்காததால், ரத்மலானையிலிருந்தும் குதிரைப்பந்தயத் திடலிலிருந்தும் ஹரிக்கேன்கள் அவசரமாக மேலேற வேண்டியிருந்தது. உயரத்தில் காத்திருந்த ஜப்பானின் ஜீரோ போர் விமானங்கள் அவற்றைவிடச் சிறிய வட்டத்தில் திரும்பக் கூடியவை. ஏறத்தாழ 20 ஹரிக்கேன்கள் அன்று இழக்கப்பட்டன. ஜப்பான் இழந்தவை 7 விமானங்கள். அந்த மாதம் மதராஸில் மக்கள் மூட்டை முடிச்சுகளோடு ஊரைக் காலிசெய்தார்கள்.

ஸ்பிட்ஃபயர் இருந்திருந்தால் நிலைமை மாறியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை. 1943 மே 2 அன்று ஆஸ்திரேலியாவின் டார்வினில் ஜீரோக்களோடு மோதிய ஸ்பிட்ஃபயர்களும் பலவற்றை இழந்தன. எரிபொருள் தீர்ந்தும் எஞ்சின் கோளாறாலும் விழுந்தவை அவற்றில் பல. ஐரோப்பாவில் பழகிய வட்டமடித்துச் சுடும் முறையை ஜீரோவிடம் கையாண்டதும் ஒரு காரணம்.

பர்மா எல்லைக்கு ஸ்பிட்ஃபயர்கள் 1943 இறுதியில் வந்து வானைத் தம் வசமாக்கிக்கொண்ட பிறகு, ஹரிக்கேன்களுக்குத் தாழப் பறக்கும் வேலை வாய்த்தது. 1944இல் இம்பால் முற்றுகையின்போது மலைகளுக்கிடையே ஜப்பானியப் படைகளை வேவு பார்த்துத் தாக்கியவற்றுள் இந்திய விமானப்படையின் முதலாம் படைப்பிரிவும் இருந்தது. ஹரிக்கேன்களில் பறந்த அந்தப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய அர்ஜன் சிங்கின் சட்டையில், அந்த ஆண்டிலேயே மவுண்ட்பேட்டன் நேரில் வந்து வீரப் பறப்புக்கான சிறப்புச் சிலுவை விருதைக் குத்தினார்.